வயசான பூனை இருக்கிற வீட்டில் மராமத்து

இந்த எபிசோடை அச்சரப்பாக்கத்தில் எங்க பாட்டி வீட்டில் உட்கார்ந்து பதிவு பண்ணினேன். ஆடியோவில் பின்னாடி டொக் டொக்னு ஒரு சத்தம் கேட்டிருக்கும். மொட்டைமாடியில் தளம் அடிக்கிற சத்தம் அது, எடிட்டில் எடுக்க முடியலை. பதிவைப் படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஊர் எங்கே இருக்குன்னு கேட்கிறவங்களுக்கு: திருச்சி ரயில் பாதையில் மேல்மருவத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன். ஊர்ப் பேருக்கு ஒரு கதை உண்டு. திரிபுரம் எரிக்கக் கிளம்பின சிவன் பிள்ளையாரைக் கும்பிட மறந்துட்டார், தேரோட அச்சு இங்கே முறிஞ்சு போச்சு, அதனால அச்சிறுபாக்கம். ஆட்சீஸ்வரர் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. நாங்க பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சோம். இருந்தும் மூணாவது நாளே எங்க அச்சு முறிஞ்சுது.

"வயசான பூனை இருக்கு, வீட்டை ரிப்பேர் பண்ணலாமா, எங்கேயாவது விட்டுட்டுப் பண்ணணுமா?" இது அடிக்கடி வர்ற கேள்வி. என் அனுபவத்தையும், அதுக்கு அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டதையும் சேர்த்துச் சொல்றேன்.

வீட்டில் ரெண்டு பூனை. கண்ணம்மாவுக்கு 16 வயசு, மிளகுக்கு 13. பூனை வயசை ஏழால பெருக்கணும்னு சொல்றது சரியில்லை. முதல் ரெண்டு வருஷத்துக்கு மனுஷக் கணக்கில் 24, அதுக்கப்புறம் வருஷத்துக்கு நாலு. அப்படிப் பார்த்தா கண்ணம்மாவுக்கு 80, மிளகுக்கு 68. வீட்டுக்கு ரெண்டு பேரையும் விட வயசு அதிகம். முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், நடுவில் முற்றம், பின்கட்டு நாட்டு ஓடு. சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்து.

மூணாவது நாள் என்ன நடந்துதுன்னா, கூடத்தில் இருந்த கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டிருந்தோம். கண்ணம்மா வழக்கம்போல அடுப்படியில் இருந்து கிளம்பி, கூடத்தைக் குறுக்கே கடந்து, நேரா கட்டில் காலில் போய் மோதிக்கிட்டா. எல்லாரும் சிரிச்சோம். பாட்டிக்குத் தூக்கக் கலக்கம்னு அம்மா சொன்னாங்க. அவள் ரெண்டடி பின்னால் வந்து, மறுபடியும் அதே நேர்கோட்டில் போய், மறுபடியும் அதே காலில் மோதினாள். அப்புறம் யாரும் சிரிக்கலை.

மதுராந்தகத்தில் டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்தார். கண்மணி ரெண்டும் நல்லா விரிஞ்சே இருக்கு, வெளிச்சம் பட்டும் சுருங்கலை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருக்கு, ரத்த அழுத்தமும் அதிகம். பூனைகளுக்கு வயசானா சிறுநீரகம் தேயறது ரொம்பச் சாதாரணம். சிறுநீரகம் கெட்டா ரத்த அழுத்தம் ஏறலாம். அழுத்தம் ஏறினா கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற விழித்திரை உரிஞ்சு வந்துடும். சீக்கிரமே பிடிச்சா சில பூனைகளுக்குக் கொஞ்சம் பார்வை திரும்பும். "எத்தனை நாளா இப்படி?"ன்னு டாக்டர் கேட்டார். எங்ககிட்ட பதில் இல்லை. மாசக்கணக்காக் கூட இருந்திருக்கலாம்.

நாங்க கண்டுபிடிக்காததுக்குக் காரணம் இந்த வீடுதான். இதே வீட்டில் 16 வருஷம். தண்ணிக் கிண்ணம் எங்கே, திண்ணைக்கு எத்தனை படி, மாடத்துக்குப் போக எதில் கால் வைக்கணும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மீசை மயிரும் மோப்பமும் மிச்சத்தைப் பார்த்துக்கிச்சு. கண்ணு போனதை வெளியே காட்டாமலே அவளால நடமாட முடிஞ்சுது. நாங்க கட்டிலை நகர்த்தினதும் அந்த வரைபடம் கிழிஞ்சு போச்சு. அதனால முதல் அறிவுரை: பத்து வயசு தாண்டின பூனை இருந்தா, கடப்பாரையை எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. ரத்தப் பரிசோதனை பண்ணுங்க, ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. நாய்க்குப் பார்க்கிற பழக்கத்தில் பூனைக்கு அழுத்தம் பார்க்க மறந்துடுறது உண்டு.

கண்ணம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது ஆம்லோடிபின். ஆமாம், எங்க அம்மா சாப்பிடற அதே பிரஷர் மாத்திரைதான், அதில் சின்னத் துணுக்கு. அளவை டாக்டர்தான் சொல்லணும், வீட்டில் இருக்கிற மாத்திரையை நீங்களே உடைச்சுப் போட்டுடாதீங்க.

இன்னொரு துப்பு எங்க கண்ணு முன்னாடியே கிடந்திருக்கு. முற்றத்தில் கட்டட மணல் கொட்டி வெச்சிருந்தோம். மணல் குவியலைப் பார்த்த பூனை என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும். மேஸ்திரி ரெண்டு நாளா சலிக்கும்போது திட்டிக்கிட்டே இருந்தார். "பாப்பா, வீட்ல இருக்கறது ரெண்டு பூனையா, பத்து பூனையா? கட்டி கட்டியா வருது!" நான் சிரிச்சுட்டு ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன். பாலைவனத்துக் காட்டுப்பூனையோட வம்சம் இது. ஆரோக்கியமான பூனை கொஞ்சமாத்தான் தண்ணி குடிக்கும், சிறுநீரும் கெட்டியா, கொஞ்சமாப் போகும். சிறுநீரகத்தால கெட்டியாக்க முடியலைன்னா நிறைய போகும், அதை ஈடுகட்ட நிறைய குடிக்கும். மணலில் ஈரக் கட்டி பெருசானா அது வெறும் அழுக்கு இல்லை, ஒரு தகவல். மேஸ்திரி தன்னை அறியாமலே நோயைச் சொல்லிட்டார்.

மிளகோட கதை வேற. அவன் ஒரு வருஷமா பரணுக்கு ஏறறதில்லை, முதுகில் முடி சிக்குப் பிடிச்சிருந்தது. "சோம்பேறி ஆயிட்டான்"னு விட்டுட்டோம். 2002ல் அமெரிக்காவில் 12 வயசு தாண்டின 100 பூனைகளோட எக்ஸ்ரேக்களை ஆராய்ஞ்சாங்க. அதில் 90 பூனைகளுக்கு மூட்டு, முதுகெலும்புத் தேய்மானம் இருந்தது. நொண்டினாத்தான் வலின்னு நாம நினைக்கிறோம். பூனை நொண்டாது, ஏறுறதை நிறுத்திடும். வளைஞ்சு முதுகை நக்க முடியாததால முடி சிக்காகும்.

பக்கத்து வீட்டு அத்தை இதைக் கேட்டுட்டு, "பாவம், அரை பாராசிட்டமால் குடேன்"னாங்க. அன்பில் சொன்னதுதான், ஆனா அந்த அரை மாத்திரை ஒரு பூனையைக் கொன்னுடலாம். நம்ம கல்லீரல் பல நச்சுகள்மேல ஒரு சர்க்கரைத் துணுக்கை ஒட்டி, தண்ணியில் கரையற மாதிரி மாத்தி வெளியே தள்ளும். பூனைக்கு அந்த ஒட்டுற வேலைக்கான என்சைம் ரொம்பக் குறைவு. சிங்கத்துக்கும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையா கறி மட்டுமே தின்ன குடும்பம், செடிகொடியோட நச்சைக் கையாளத் தேவையே வரலை.

மராமத்துக்கு இது ரொம்ப முக்கியம். வேலை நடக்கிற வீட்டில் எல்லாமே தரையில்தான் வந்து விழும். பூனை அதுமேல நடக்கும், அப்புறம் உட்கார்ந்து காலை நக்கும். தரையில் இருக்கிறது எல்லாம் வயித்துக்குள்ளேன்னு வெச்சுக்கோங்க. வேலை முடிஞ்ச தரையைக் கருப்பு பினாயில் ஊத்திக் கழுவுறது நம்ம ஊர்ப் பழக்கம். அதில் இருக்கிறது பீனால் வகை, பூனையோட கல்லீரலுக்கு ஆகவே ஆகாது. சோப்புத் தண்ணி போதும். பீரோவில் பாட்டி காலத்து அந்துருண்டை கிடந்தா வெளியே போடுங்க. கரையான் மருந்து அடிக்கிறவங்க "ஒண்ணும் ஆகாதுங்க"ன்னு சொன்னா நம்பாதீங்க. என்ன மருந்துன்னு பேரைக் கேட்டு டாக்டருக்கு அனுப்புங்க. பெர்மெத்ரின்னு இருந்தா பூனையை அந்தப் பக்கமே விடக் கூடாது.

அடுத்து பெயிண்ட். எங்க வீட்டுக் கதவில் பச்சை ஆயில் பெயிண்ட் அடுக்கடுக்கா இருந்தது. இந்தியாவில் வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2016ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின பெயிண்ட்டை ஈயம் இருக்கிற மாதிரியே நடத்துங்க. உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா வர்ற தூள் பூனைக்கு மட்டுமில்லை, தவழ்ற குழந்தைக்கும் விஷம். நாங்க கதவைக் கழட்டி வெளியே கொண்டு போய், தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொன்னோம். பெயிண்டர் முணுமுணுத்தார், ஆனா பண்ணிக் கொடுத்தார்.

சுண்ணாம்பு பத்தி ஒரு வார்த்தை. மேஸ்திரியோட முதல் யோசனை, ஓதம் ஏறின சுவரைக் கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம்ங்கிறது. நாலு நாளில் முடிஞ்சிருக்கும். ஆனா பழைய சுவர் அடியில் இருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே விடும். மேலே சிமெண்டைப் போட்டு மூடினா ஈரம் வெளியே வர வழி இல்லாம இன்னும் உயர ஏறும், உப்புப் பூத்துப் பொரிஞ்சு கொட்டும். முன்னாடி யாரோ சிமெண்ட் பூசின ஒரே ஒரு சுவர்தான் எங்க வீட்டில் மோசமாக் கிடந்தது. மேஸ்திரிகிட்ட அதைக் காட்டினேன், வேற வாதம் வேணாமாப் போச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணியில் சாந்து குழைக்கத் தெரிஞ்ச ஒரு பெரியவரை அவரே கூட்டிட்டு வந்தார். இந்த மாதிரி வீடுகளை நேரில் பார்க்கணும்னா ஈசிஆரில் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போங்க. 1996ல் திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரி பல வீடுகளை இருந்த இடத்தில் பிரிச்சு எடுத்துட்டு வந்து அங்கே மறுபடி கட்டியிருக்காங்க.

பூனைக்காரங்களுக்குச் சுண்ணாம்பில் ஒரு எச்சரிக்கை உண்டு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணி ஊத்தினா கொதிக்கும். நீர்த்த பிறகும் அது கடுமையான காரம், பாதத்தையும் நாக்கையும் புண்ணாக்கிடும். தொட்டிக்கு மூடி போடுங்க. காய்ஞ்சதுக்கு அப்புறம் காத்தில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மெல்லத் திரும்பச் சுண்ணாம்புக் கல்லா மாறிடும், அப்போ பயமில்லை.

இப்போ என் தப்புக்கு வர்றேன். கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு வேகம். சுத்தமா, வசதியா வெச்சுக்கணும்னு அவள் படுக்கிற கோணிச் சாக்கைச் சோடா போட்டுத் துவைச்சேன், அவள் கன்னத்தை உரசுற நாற்காலியையும் கழுவினேன். மாடியில் அவளுக்குன்னு ஒரு புது அறை, புது மெத்தை. அன்னிக்கு ராத்திரியில் இருந்து அவள் சாப்பிடலை. மறுநாளும் கிண்ணத்தை மோந்துட்டுத் திரும்பிக்கிட்டாள்.

நாய் ரெண்டு நாள் பட்டினி கிடந்தா தாங்கிடலாம். பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னா உடம்புக் கொழுப்பு கரைஞ்சு கல்லீரலில் போய் நிரம்பும், அதுவே உயிருக்கு ஆபத்து. குண்டுப் பூனைன்னா இன்னும் சீக்கிரம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னாலே டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

டாக்டர் வாந்திக்கு ஒரு ஊசி போட்டுட்டு, "அவளோட வாசனை இருக்கிற எதையாவது மிச்சம் வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டார். பூனையோட கன்னத்தில் சுரப்பி இருக்கு. கதவு நிலையிலும் கட்டில் காலிலும் உரசி உரசித் தன் வாசனையைப் பூசி வைக்கும், 'இது என் இடம், பயமில்லை'ன்னு தனக்குத் தானே எழுதி வெச்சுக்கற மாதிரி. கண்ணு இல்லாதவளுக்கு அந்த எழுத்து மட்டும்தான் மிச்சம். நான் அதைச் சோடா போட்டு அழிச்சிருக்கேன்.

பின்கட்டில் நெல் கொட்டி வைக்கிற சின்ன அறை ஒண்ணு, வேலை பட்டியலில் அதுதான் முதல். அதை அப்படியே நிறுத்தச் சொன்னேன். பரணில் துவைக்காத பழைய சாக்கு ஒண்ணு கிடைச்சுது. தண்ணி, மணல் தட்டு, சாப்பாடு மூணையும் ஒண்ணுக்கொண்ணு தள்ளி வெச்சோம், ஒரு தடவை வெச்ச இடத்தை அப்புறம் மாத்தலை. கடப்பாக்கம் பக்கத்தில் இருந்து வர்ற மீன்காரம்மாகிட்ட வாங்கின மீனை உப்பில்லாம வேக வெச்சு, முள் எடுத்து, வெதுவெதுப்பா மூக்குக்குக் கிட்ட பிடிச்சேன். முன்னாடி கொடுத்த நெத்திலிக் கருவாடு இந்தச் சிறுநீரகத்துக்கும் பிரஷருக்கும் இனி கிடையாது. ராத்திரி ஒன்பது மணி இருக்கும், ரெண்டு விரல் அளவு சாப்பிட்டாள். அம்மா வாசலுக்குப் போய் அழுதுட்டு வந்தாங்க.

அதுக்கப்புறம் வேலையோட வரிசையையே மாத்தினோம். ஒரு நேரத்தில் ஒரே அறை. அது முடிஞ்சு, காய்ஞ்சு, சாமான் பழைய இடத்துக்கே திரும்பின பிறகுதான் அடுத்தது. கட்டில் பழைய தடத்தில் வந்து நிக்கணும், ஒரு சாண் கூட நகரக் கூடாது. கட்டில் காலைச் சுத்திச் சாக்பீஸில் கோடு போட்டு வெச்சோம். ஒரே மூச்சில் பண்ணினா ஆகியிருக்கிறதை விட ரெண்டு மடங்கு நாளாகுது, கூலியும் கூடுது, மறைக்க மாட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னாடி மாடித் தளம் முடிஞ்சா போதும், மிச்சம் தை மாசம் பார்த்துக்கலாம்னு விட்டாச்சு.

கண்ணம்மாவுக்குப் பார்வை திரும்பலை. அடுப்படியில் விறகு அடுப்பு இருந்த பழைய திட்டு ஒண்ணு மிச்சம் இருந்தது. இடிச்சா மாடுலர் கிச்சனுக்கு இடம் கிடைக்கும்னு திட்டம். அவள் ஜன்னலுக்கு ஏறுறது அதுமேல கால் வெச்சுத்தான். மிளகுக்கும் இப்போ அந்த உயரம்தான் முடியுது. மேஸ்திரி கடப்பாரையோட வந்து, "பாப்பா, இத என்ன பண்றது?"ன்னார். அவரே ஒரு நிமிஷம் நின்னு பார்த்தார். திட்டுமேல ரெண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கிட்டு இருந்தாங்க. "சரி, சுண்ணாம்பு மட்டும் அடிச்சி வுடறேன்"னு சொல்லிட்டுக் கடப்பாரையைத் திண்ணையில் சாத்தி வெச்சுட்டார்.