ஒன்றரை சதவீதத்துக்கு ஒரு முகம் வேண்டும்

போலந்தின் கிராக்கோவில் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. பிப்ரவரி பிறந்தால் டிராம் நிறுத்தங்களிலும் எங்கள் அலுவலகச் சமையலறையிலும் நோயுற்ற குழந்தைகளின் படங்கள் முளைக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறக்கட்டளையின் பத்து இலக்க எண். ஏப்ரல் 30-க்குள் வருமான வரிப் படிவத்தில் அந்த எண்ணை எழுதினால், நாம் கட்டிய வரியில் 1.5 சதவீதத்தை அரசே அந்த அறக்கட்டளைக்கு அனுப்பிவிடும். வரி 4,000 ஸ்வாட்டி என்றால் 60 ஸ்வாட்டி. நம் கையிலிருந்து கூடுதலாக ஒரு காசும் போகாது. எழுதாவிட்டால் அது கஜானாவிலேயே தங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. கம்யூனிஸ்ட் காலத்தில் தொண்டும் அரசின் பிடியில் இருந்தது. கத்தோலிக்கர்களின் தொண்டு அமைப்பான காரித்தாஸை 1950-இல் அரசு கைப்பற்றியது. ஆட்சி மாறியபின் மேற்கு நாட்டுப் பணம் வந்தது. அது நிரந்தரமல்ல என்பது தெரிந்ததுதான். அதனால், ஹங்கேரி 1996-இலேயே சட்டமாக்கிய ஒரு சதவீத ஏற்பாட்டை போலந்து 2003-இல் எடுத்துக்கொண்டது. 2023-இல் அது ஒன்றரை ஆனது.

பணம் எங்கே போகிறது? குழந்தைகளுக்கான ஒரு பெரிய அறக்கட்டளை பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக்கணக்கு. பெற்றோரே சுவரொட்டி அடித்து, சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்து, பிறகு பிசியோதெரபி ரசீதைக் கொடுத்துப் பணம் பெறுகிறார்கள். நல்ல சம்பளக்கார மாமாக்கள் உள்ள குழந்தைக்கு அதிகம் சேரும். கிராமத்துக் கூலிக்காரர் மகளுக்குக் குறைவு. அறக்கட்டளை என்ற பெயரில் இது ஒரு வங்கிக் கவுன்டர் என்பேன். அதற்காக அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

குடிநோயாளிக்கும் சிறையிலிருந்து வந்தவருக்கும் யார் சுவரொட்டி அடிப்பார்கள்? அவர்களைக் கவனிக்கும் அமைப்புகள் நகராட்சி அறிவிக்கும் மானியப் போட்டியைத்தான் நம்பியிருக்கின்றன. இந்த வருஷத் தலைப்பு எதுவோ அதற்கேற்ப விண்ணப்பம் எழுத வேண்டும். தெருவில் நிற்கிறவரின் தேவை அந்தத் தலைப்புக்குள் அடங்காவிட்டால் அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

2019 முதல் வரித்துறையே படிவத்தை நிரப்பி இணையத்தில் வைக்கிறது. போன வருஷம் எழுதிய எண் தானாகவே அதில் வந்துவிடும். என் அலுவலகத்தில் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.