கிருமி ஒன்று, விளைவு வேறு

தொற்றுநோய்க்குக் காரணம் கிருமியே என்பதை லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐயமற நிறுவிவிட்டனர். எனினும், ஒரே கிருமி ஒருவரை இரண்டு நாள் காய்ச்சலோடு விட்டுவிட்டு, அதே வயதும் அதே வாழ்க்கைநிலையும் உடைய மற்றொருவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோவது ஏன் என்ற கேள்விக்கு, கிருமியை மட்டும் ஆராய்ந்து முழு விடை காண முடியவில்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 1988-இல் வெளியான ஆய்வு, பார்வையை மனித உடலின் பக்கம் திருப்பியது. பெற்றவர்களுள் ஒருவர் 50 வயதுக்கு முன் தொற்றுநோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் தொற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. வளர்த்தவர்களின் மரணத்தோடு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

பெற்றோர் வழியாக வந்தது மரபணு வேறுபாடு. உடலின் புரதங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வகுத்து வைத்திருப்பவை மரபணுக்கள். அவற்றில் மனிதருக்கு மனிதர் ஆங்காங்கே ஓரெழுத்து மாறியிருக்கும். பெரும்பாலான மாற்றங்களால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. மிகச் சில மட்டும் உயிர் பிழைப்பதையே தீர்மானித்துவிடுகின்றன. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது மலேரியாவோடு பிணைந்த அரிவாள் செல் மரபணு.

இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்னும் அமினோ அமிலம் வந்து அமர்வதே இம்மாற்றம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதைப் பெற்றவருக்குச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, கடும் வலியையும் சோகையையும் உண்டாக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கடத்தி எனப்படுவார். அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கென்யாவில் களப்பணி செய்த ஆந்தனி அலிசன், மலேரியா மிகுந்த கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் கடத்திகள் மிகுதியாகவும், மலேரியா இல்லாத உயர்நிலங்களில் அரிதாகவும் இருப்பதைக் கண்டு, கடத்திகளுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு என 1954-இல் நிறுவினார்.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கடத்தியின் இரத்தத்திலும் மலேரியா ஒட்டுண்ணி இருக்கக்கூடும், காய்ச்சலும் வரக்கூடும். ஆனால் மூளையைத் தாக்கும் கடும் மலேரியாவிலிருந்து அவருக்கு ஏறத்தாழ 90 விழுக்காடு பாதுகாப்பு கிடைக்கிறது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு ஆக்சிஜன் குறைந்த இடங்களில் விரைவாக வளைந்து, மண்ணீரலால் அகற்றப்பட்டுவிடுகிறது. எஞ்சும் அணுக்களின் மேற்பரப்பில், இரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ள உதவும் ஒட்டுண்ணிப் புரதம் குறைவாகவே வெளிப்படுவதால், மூளையின் நுண்குழாய்கள் அடைபடுவதும் குறைகிறது. அதாவது, இம்மரபணு கிருமியின் நுழைவைத் தடுப்பதைவிட, நுழைந்த பின் அது விளைவிக்கும் கேட்டையே பெரிதும் தணிக்கிறது.

இந்தியாவில் இம்மரபணு முதன்முதலில் அறியப்பட்டது நீலகிரியில்தான். அங்குள்ள மக்களிடையே ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952-இல் அதைக் கண்டறிந்தனர். மலேரியா நெடுங்காலம் வேரூன்றியிருந்த காடு, மலைப் பகுதிகளின் பழங்குடியினரிடையே இன்றும் இது மிகுதி. மலேரியா தணிந்துவிட்ட ஊர்களில் அதன் நன்மை மறைந்து, நோய்ச்சுமை மட்டும் எஞ்சியிருக்கிறது.

கொரோனா காலம் இதே பாடத்தை வேறு வடிவில் காட்டியது. தீவிர நோயோடு வலுவான தொடர்புடைய பகுதி மூன்றாம் குரோமோசோமில் இருப்பது 2020-இல் தெரியவந்தது. ஏறத்தாழ 50,000 எழுத்து நீளமுள்ள அப்பகுதி, அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து கலப்பால் வந்தது என ஹூகோ செபெர்க், ஸ்வாந்தே பேபோ ஆகிய இருவரும் அதே ஆண்டில் காட்டினர். தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப் பேரும், ஐரோப்பியரில் ஆறில் ஒருவரும் அதைச் சுமக்கின்றனர். கிழக்காசியாவில் அது அநேகமாக இல்லை. இதைக் கொண்டு தெற்காசியரின் உடலே பலவீனமானது என்று முடிவுகட்டுவது அவசரம் மட்டுமன்று, பிழையும்கூட. அதே பகுதி எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதை செபெர்க் 2022-இல் வெளியிட்டார். நியாண்டர்தால் வழி வந்த, 12-ஆம் குரோமோசோமிலுள்ள மற்றொரு பகுதியோ கொரோனாவின் கடுமையைத் தணிக்கிறது. எந்தக் கிருமி, எந்த இடம் என்று கேளாமல் ஒரு மரபணுவை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல இயலாது. முதுமை, நீரிழிவு, தடுப்பூசி இன்மை, காலந்தாழ்ந்த சிகிச்சை ஆகியவற்றின் பங்கும் மிகப் பெரிது. அவற்றை மறைக்க மரபணுவைச் சாக்காக்கும் போக்கு கண்டிக்கத்தக்கது.

இவ்வறிவு சாதாரண மருத்துவமனையில் நேரடியாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. ஜி-6-பி-டி என்னும் நொதி, சிவப்பணுவை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கிறது. அந்நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆகவே மலேரியா நிலவிய நாடுகளிலேயே இக்குறைபாடு மிகுதி. ஆனால் கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணியை ஒழிக்க 14 நாள் கொடுக்கப்படும் பிரைமாகுவின், இவர்களின் சிவப்பணுக்களையே சிதைத்துவிடக்கூடும். இக்குறைபாட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஆண்களே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். மருந்தைத் தொடங்கும் முன் எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றால் இதை அறியலாம். பிரைமாகுவின் உண்ணத் தொடங்கிய சில நாள்களில் சிறுநீர் கறுத்துப் போனாலோ கண்கள் மஞ்சளித்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அணுக வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் முன்பு அவ்வாறு நேர்ந்திருந்தால், மருந்துச் சீட்டு எழுதப்படும் முன்பே அதைத் தெரிவித்துவிட வேண்டும்.