தாஜ் பயணமும் டிரைவரின் தூக்கமும்

அதிகாலை 4 மணி. தில்லி கரோல் பாகில் ஒரு ஓட்டல் வாசல். பிளாஸ்க், புளியோதரைப் பொட்டலம், பாட்டிக்கு ஒரு தலையணை சகிதம் ஆறு பேர் கொண்ட தமிழ்க் குடும்பம் கொட்டாவி விட்டபடி இறங்கி வருகிறது. தெருவிளக்கின் கீழ் மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட வெள்ளை வண்டி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் டிரைவர் சலாம் வைக்கிறார். வண்டியில் ஏ.சி. வேலை செய்கிறதா, டிக்கியில் இடம் இருக்கிறதா, பின்சீட்டில் பாட்டி கால் நீட்ட முடியுமா என்று எல்லாம் விசாரிக்கப்படுகிறது. டிரைவர் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சீசனில் தில்லியின் எந்த ஓட்டல் வாசலிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. ஒரே நாளில் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்பது வட இந்தியாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் எழுதப்படாத விதி. காரணம் எளிது. தில்லிக்கும் ஆக்ராவுக்கும் இடையே சுமார் 230 கிலோமீட்டர்தான். இரவு ஆக்ராவில் தங்கினால் ஓட்டல் செலவு. ஒரே நாளில் போய் வந்தால் மிச்சம். அந்த மிச்சம் யார் கணக்கிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

வழக்கமான ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மணிக்கு ஓட்டல் வாசலில் நிற்க வேண்டுமென்றால் டிரைவர் 3 மணிக்கே கராஜை விட்டுக் கிளம்ப வேண்டும். வழியில் சி.என்.ஜி. பங்கில் வரிசை வேறு. 8 மணி சுமாருக்கு ஆக்ரா. தாஜ்மகால், சாப்பாடு, கோட்டை. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு' என்ற வாதத்தின் பேரில் இன்னும் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபதேபூர் சிக்ரி. திரும்பும் வழியில் மதுரா, பிருந்தாவனம். ஆழ்வார்கள் பாடிய வடமதுரை ஆயிற்றே, விட்டுவிட்டு வந்தால் பாட்டி மன்னிப்பாரா? தில்லி வந்து சேரும்போது இரவு 11 மணி. வண்டியைக் கராஜில் விட்டு மீட்டர் கிலோமீட்டரை எழுதிக் கையெழுத்துப் போடும்போது நள்ளிரவு. ஆக 21 மணி நேரம். அதில் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரம் மட்டும் பத்து மணிக்குக் குறையாது.

மீதி நேரம் ஓய்வுதானே என்பார் டிராவல்ஸ்காரர். அந்த ஓய்வு எப்படிப்பட்டது என்பதை தாஜின் கிழக்கு வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஷில்ப்கிராம் வாகன நிறுத்தத்தில் பார்க்கலாம். தாஜைச் சுற்றியுள்ள பகுதிக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. சலவைக்கல்லைப் புகையிலிருந்து காப்பாற்ற வந்த ஏற்பாடு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த பிரபலமான தீர்ப்பு, தாஜைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரி எரிக்கும் தொழிற்சாலைகளையே வேறு எரிபொருளுக்கு மாறு அல்லது வெளியேறு என்று சொன்னது. பயணிகள் பேட்டரி வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். டிரைவர் தங்கிவிடுகிறார். முன் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டு, கதவைத் திறந்து காலை வெளியே நீட்டி ஒரு தூக்கம். கோடையில் ஆக்ரா 45 டிகிரியைத் தொடும். ஏ.சி. போட்டால் காஸ் தீரும், முதலாளி கேட்பார். தாஜ் டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்பதால் மூன்று மணி நேரம் உறுதி என்று நினைக்கலாம். அதற்குள் 'எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?' என்று இரண்டு முறை போன் வரும். மாதத்தில் பதினைந்து முறை ஆக்ரா வந்துபோகும் டிரைவர், மும்தாஜின் சமாதியை ஒருமுறைகூடப் பார்க்காதவராக இருக்கக்கூடும்.

வாடகைக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதை விளங்காது. வெளியூர் சவாரிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று வைத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது பரவலான வழக்கம். கிலோமீட்டர் ஓடத் தொடங்குவது ஓட்டல் வாசலில் அல்ல, கராஜில். நள்ளிரவு 12-ஐத் தாண்டினால் இன்னொரு நாள் வாடகை. எனவேதான் இரவு பத்து மணிக்கு மேல் பின்சீட்டிலிருந்து 'கொஞ்சம் சீக்கிரம் போகலாமா' என்று குரல் வருகிறது. இதற்கு மேல் டோல், பார்க்கிங், உத்தரப்பிரதேச எல்லை வரி, டிரைவர் பேட்டா. (இந்தப் பேட்டாவும், ஆக்ராவில் பூசணிக்காயில் செய்து விற்கும் இனிப்பான பேட்டாவும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். இனிப்புக்குத் தாராளமாகச் செலவு செய்பவர்கள் மற்றதற்குப் பேரம் பேசுவார்கள்.) வண்டி டிரைவருக்கே சொந்தம் என்றால் பாங்க் தவணை தலைக்கு மேல். இல்லையென்றால் மாதச் சம்பளமும் பேட்டாவும்தான். போட்டியோ கடுமை. பத்து டிராவல்ஸில் விசாரித்து மிகக் குறைந்த தொகையைச் சொன்னவரிடம் பயணி புக் செய்கிறார். அவ்வளவு குறைவாக எப்படிக் கட்டுப்படியாகிறது?

விடை ஆக்ராவின் கடைத்தெருவில் இருக்கிறது. தாஜைப் பார்த்துவிட்டு வந்ததும் டிரைவர் தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோள் வைப்பார். ஒரே ஒரு கடை, வாங்க வேண்டாம், பார்த்தால் போதும். உள்ளே போனால், ஷாஜகானின் கைவினைஞர்களின் பரம்பரை என்ற அறிமுகத்துடன் ஒருவர் சக்கரத்தில் கல்லைத் தேய்த்துக் காட்டுவார். சலவைக்கல்லில் பள்ளம் தோண்டி வண்ணக் கற்களைப் பதிக்கும் 'பச்சிகாரி' கலை உண்மையானது, ஆக்ராவில் இன்றும் உயிரோடு இருப்பது. ஆனால் அலமாரியில் இருப்பதெல்லாம் ராஜஸ்தானத்து மக்ரானா சலவைக்கல் அல்ல. மாவுக்கல்லும் இன்னபிற மென்கற்களும் அதே பெயரில் அதே விலையில் போகின்றன. நகத்தால் கீறினால் மாவு வரும் கல் மார்பிள் இல்லை என்பது போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. விற்ற தொகையில் ஒரு பங்கு வண்டியைக் கொண்டுவந்தவருக்கு, ஒரு பங்கு கைடுக்கு. சில சமயம் டிராவல்ஸ்காரருக்கும். வாடகையில் பேரம் பேசிக் குறைத்த பணத்தைப் பயணி இங்கே ஒரு குட்டித் தாஜ்மகாலின் விலையில் திருப்பித் தருகிறார்.

டிரைவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். பயண நூல்கள் பலகாலமாகச் செய்துவருவதும் அதைத்தான். ஆனால் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்காத தொழில், கமிஷனைச் சம்பளமாக ஆக்கிவைத்திருக்கிறது. கடைக்கு வரமாட்டோம் என்று கறாராகச் சொல்லும் குடும்பத்தைக் கூட்டிவந்த அன்றைக்கு அவருக்குக் கிடைப்பது பேட்டா மட்டுமே. கிளம்பும்போதே 'கடைகள் வேண்டாம், அதற்குப் பதில் இவ்வளவு தருகிறோம்' என்று பேசிக்கொள்ளும் விவரமானவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய பயணம் பொதுவாக நிம்மதியாக இருக்கிறது.

பழைய மதுரா சாலையில் வேறொரு ஏற்பாடு இருந்தது, இப்போதும் இருக்கிறது. பயணிகளைக் கொண்டுவந்து இறக்கும் டிரைவருக்குத் தாபாவில் சாப்பாடு இலவசம். பரோட்டா, டீ, கயிற்றுக் கட்டிலில் அரை மணி நேரம். ஃபரீதாபாத், பல்வல், ஹோடல், கோசி என்று ஊர் ஊராகப் போகும் அந்தச் சாலையில் மாடும் டிராக்டரும் குறுக்கே வரும். எரிச்சலான சாலை, ஆனால் தூங்கவிடாத சாலை. 2012 ஆகஸ்டில் யமுனா எக்ஸ்பிரஸ் சாலை திறக்கப்பட்டது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர், ஆறு தடம், நேர்க்கோடு போல கான்கிரீட். கார்களுக்கு வேக வரம்பு 100. பயணம் மூன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. அதனால்தான் ஃபதேபூர் சிக்ரியும் பிருந்தாவனமும் அதே நாளுக்குள் திணிக்கப்பட்டன. சாலை மிச்சம் பிடித்த நேரத்தில் டிரைவருக்கு ஒரு நிமிடமும் போய்ச் சேரவில்லை.

இரண்டு பக்கமும் வயல், முன்னால் ஒரே மாதிரி வெள்ளைக் கோடு, பின்னால் ஐந்து பேர் குறட்டை. திருப்பம் இல்லை, பிரேக்குக்கு வேலை இல்லை. இப்படிப்பட்ட சாலையில்தான் கண் சொக்கும். 2019 ஜூலை 8-ஆம் தேதி விடியற்காலையில் லக்னோவிலிருந்து தில்லிக்கு வந்துகொண்டிருந்த உத்தரப்பிரதேச அரசு பஸ், ஆக்ரா அருகே இந்தச் சாலையின் தடுப்பை உடைத்துக்கொண்டு கால்வாயில் விழுந்தது. 29 பேர் இறந்தார்கள். டிரைவர் கண்ணயர்ந்துவிட்டதே காரணமாகச் சொல்லப்பட்டது. கோடையில் கான்கிரீட் சூட்டில் தேய்ந்த டயர்கள் வெடிப்பது இன்னொரு ஆபத்து. டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. அந்த மாதங்களில் கார்களின் வேக வரம்பை 75 ஆகக் குறைக்கிறார்கள். தாஜும் பனியில் மறைந்துதான் கிடக்கும். அதைப் பார்க்கத்தான் 4 மணிக்குக் கிளம்பிப் பறக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. இடைவேளைகளையும் சேர்த்து ஒரு நாளின் வேலை 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. அதாவது ஷில்ப்கிராமில் காத்துக்கிடக்கும் நேரமும் கணக்கில் வரும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. இரண்டு கார், மூன்று கார் வைத்துக்கொண்டு சந்துக்குள் நடக்கும் டிராவல்ஸ் அந்த வலைக்குள் விழவே இல்லை. தன் வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு யார் வரம்பு கட்டுவது? 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இந்தப் பழைய சட்டம் சேர்க்கப்பட்டது. 2021-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்றார். சுற்றுலா காரை ஓட்டுபவர் அந்தப் பேச்சிலும் வரவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? ஒருவர், இருவர் என்றால் ரயிலே மேல். 2016-இல் ஓடத் தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து ஆக்ராவுக்கு 100 நிமிடத்தில் போய்ச் சேர்கிறது. வெள்ளிக்கிழமை ஓடாது; தாஜும் அன்று மூடியிருக்கும். (இதைச் சொல்லாமலே வெள்ளிக்கிழமைக்கு வண்டி அனுப்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேத்தாப் பாகிலிருந்து தாஜின் முதுகைக் காட்டித் திருப்பிக் கூட்டிவரும் ஆசாமிகளும் இருக்கிறார்கள்.) பாட்டியும் குழந்தைகளும் மூட்டையுமாகப் போகிற குடும்பத்துக்குக் கார்தான் சரிப்படும். அவர்கள் கிளம்புவதை 6 மணிக்குத் தள்ளிவைத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மதுராவையும் சிக்ரியையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது ஆக்ராவில் ஓர் இரவு தங்கலாம். தங்கினால் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று ஓட்டல்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்வது அவசியம். இல்லையென்றால் அவருக்கு அன்றிரவும் முன் சீட்டுதான். வண்டி வந்ததும் ஸ்டெப்னியையும் டயரையும் ஒரு பார்வை. முந்தைய நாள் எங்கே போய்விட்டு வந்தார் என்று ஒரு விசாரிப்பு. ஹரித்துவாரிலிருந்து நேற்று இரவுதான் வந்தேன் என்ற பதில் வந்தால் வேறு டிரைவரை அனுப்பச் சொல்லித் தயங்காமல் டிராவல்ஸுக்குப் போன் போடலாம். வண்டிக்குள் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்து பேச்சுக்கொடுப்பது நல்லது. இந்தி வராது என்பது சாக்கு அல்ல. 'பையா' என்ற ஒரு சொல் போதும். தமிழ்க் காதுக்கு அது சின்னப் பையனைக் கூப்பிடுவதுபோல இருந்தாலும் இந்தியில் அண்ணா என்றுதான் பொருள்.

இரவு 11 மணிக்குக் கரோல் பாகில் குடும்பம் இறங்குகிறது. தூங்கிவிட்ட குழந்தைகள் தோளில், பேட்டா டப்பாக்கள் கையில். பில்லைச் சரிபார்த்து, டோல் ரசீதுகளை எண்ணிப் பார்த்துப் பணம் தருகிறார்கள். டிரைவர் பின்சீட்டில் குனிந்து ஏதாவது மறந்துவிட்டார்களா என்று தேடுகிறார். பாட்டியின் தலையணை கிடைக்கிறது. ஓடிப் போய் லிப்ட் மூடுவதற்குள் கொடுத்துவிட்டு வருகிறார். போனில் டிராவல்ஸிலிருந்து செய்தி வந்திருக்கிறது. காலை 5 மணி, ஜெய்ப்பூர், ஒரே நாளில் திரும்ப வேண்டும்.