சொன்ன சொல் கேளாத பிள்ளை

தமிழில் ‘கேட்டல்’ என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. ஓசை காதில் விழுவதும் கேட்டல்; பெரியோர் சொன்னபடி நடப்பதும் கேட்டல். “என் பையன் சொன்னால் கேட்பதே இல்லை” என்று ஒரு தாய் குறைபட்டுக் கொள்ளும்போது இரண்டாவது பொருளையே கருதுகிறார். ஆனால் இரண்டாவது நடைபெற வேண்டுமானால் முதலாவது நடைபெற்றிருக்க வேண்டுமன்றோ?

தாயின் வாயிலிருந்து புறப்பட்ட சொல் பிள்ளையின் செயலாக மாறுவதற்குள் காற்று, காது, மூளை ஆகிய மூன்றையும் கடந்தாக வேண்டும். இவற்றில் எங்கே தடை ஏற்பட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: பிள்ளை சொன்னதைக் கேட்கவில்லை. தடை எங்கே இருக்கக்கூடும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காற்றில் தேயும் ஒலி

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். கொல்லையில் நின்று தாய் கூப்பிடுகிறார். அப்பால் வயல் வரப்பில் பையன் நிற்கிறான். திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. ஆகவே தொலைவு இரு மடங்கானால் ஒலிச் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். இது 6 டெசிபெல் இழப்பாகும். சாதாரணப் பேச்சு 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபெல் என்று கொண்டால், 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48, 8 மீட்டரில் 42 டெசிபெல்தான் எஞ்சும்.

தொலைவோடு வெப்பமும் சேர்ந்து கொள்கிறது. சித்திரை வெயிலில் தரிசாய்க் கிடக்கும் வயலில், தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். சூடான காற்றில் ஒலி விரைந்து செல்லும். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். இதனால் ஒலி அலை மேல்நோக்கி வளைந்து, தொலைவில் நிற்பவனின் தலைக்கு மேலே போய்விடுகிறது. இரவில் தரை குளிர்ந்தபின் நிலைமை தலைகீழாகிறது. ஒலி கீழ்நோக்கி வளைகிறது. அடுத்த ஊர்க் கோயில் மேளம் இரவில் தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆடி மாதத்து மேல்காற்றில், மேற்கே நிற்பவனைக் கூப்பிட்டாலும் ஒலி இவ்வாறே மேல்நோக்கி வளைந்துவிடும்.

வீட்டுக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு இவ்வளவு இராது. ஆனால் அங்கே மின்விசிறியும் தொலைக்காட்சியும் மிக்சியும் போட்டிக்கு நிற்கின்றன. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறியும் திறன் சிறுவர்களுக்குப் பெரியவர்களைவிடக் குறைவு. நமக்குப் புரியும் அளவுக்குப் பேசினால் அது அவர்களுக்கும் புரியும் என்று கருதுதல் கூடாது.

காதுக்குள் ஒரு நெம்புகோல்

காதை அடைந்த ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சிறு அறை ஒன்று உள்ளது. அதுவே நடுச்செவி. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் தொடுத்து நிற்கின்றன. அங்கவடி எலும்பின் உயரம் ஏறத்தாழ 3 மில்லி மீட்டர். மனித உடலின் மிகச் சிறிய எலும்பு இதுதான்.

இந்த ஏற்பாடு எதற்கு? உட்செவியில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தின்மேல் பட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும். அதைத் தடுக்க அழுத்தத்தைப் பெருக்க வேண்டும். செவிப்பறையின் அதிரும் பரப்பு, அங்கவடியின் அடித்தட்டைப் போல் ஏறத்தாழ 17 மடங்கு. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பால் மேலும் 1.3 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 22 மடங்கு அழுத்தம் கிடைக்கிறது!

நீர் தேங்கிய காது

நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் யூஸ்டேஷியன் குழல் இணைக்கிறது. காற்று போய்வரும் வழி அதுவே. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைபட்டுவிடும். அப்போது நடுச்செவியில் நீர் தேங்கலாம். எலும்புகள் தாராளமாக அசைய இயலாமல் 20 முதல் 30 டெசிபெல் வரை கேட்கும் திறன் குறையலாம்.

மேலே கண்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 8 மீட்டரில் 42 டெசிபெல்லாக வந்த பேச்சு, இப்பிள்ளைக்கு 17 டெசிபெல் போலத்தான் இருக்கும். அது கிசுகிசுப்பைவிடத் தாழ்ந்த ஒலி!

இந்தக் குறைபாட்டில் வலியோ காய்ச்சலோ பெரும்பாலும் இராது. பிள்ளைக்கே தெரியாது. அதைவிட முக்கியமானது, குறை நாளுக்கு நாள் மாறுவது. இன்று கேட்கும், அடுத்த வாரம் கேளாது. அருகில் நின்று முகம் பார்த்துப் பேசினால் புரியும்; பின்னாலிருந்து கூப்பிட்டால் புரியாது. “வேண்டும்போது மட்டும் இவனுக்குக் காது கேட்கிறது” என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்கு அடியும் கிடைக்கிறது.

சொற்கள் மாறியும் விழும். உயிரொலிகள் வலுவானவை. க, த, ப போன்ற வல்லின ஒலிகள் கணப்பொழுதில் தோன்றி மறையும் மெல்லிய ஒலிகள். பட்டு, தட்டு, கட்டு என்ற சொற்களைப் பிரித்துக் காட்டுவது அந்த முதல் ஒலிதான். ‘தட்டை எடுத்து வா’ என்றால் நாற்றுக் கட்டை எடுத்து வரும் பிள்ளை குறும்பு செய்வதாகவே தோன்றும்.

ரஷ்ய நாட்டின் விண்வெளி முன்னோடி கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி 1857இல் பிறந்தவர். சிறு வயதில் கடும் காய்ச்சலால் கேட்கும் திறனைப் பெரிதும் இழந்தார். ஆசிரியர் சொல்வது கேளாததால் பள்ளிப் படிப்பு நின்றது. தாமே நூல்களைப் படித்து ஏவூர்திக் கோட்பாட்டை உருவாக்கினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது கைகூடுமா?

மூளை திரும்பும் திசை

காது நன்றாக இருந்தும் கேளாத பிள்ளைகள் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆப்ரம்ஸ், வினோத் மேனன் முதலானோர் இதை ஆராய்ந்தனர். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள், ஒரு வினாடிக்கும் குறைந்த ஒலியிலிருந்தே தாயின் குரலை இனங்கண்டனர் என்றும், அக்குரல் மூளையின் மகிழ்ச்சி தரும் பகுதிகளைத் தூண்டியது என்றும் 2016இல் வெளியிட்டனர். 2022இல் வெளியான அடுத்த ஆய்வில் 13 முதல் 16 வயதினரிடம் இது மாறியிருந்தது. அப்பகுதிகளைத் தாயின் குரலைவிடப் புதியவர் குரலே மிகுதியாகத் தூண்டியது.

வீட்டைத் தாண்டி வெளியுலகத்தோடு பழகத் தயாராகும் வளர்ச்சியின் அறிகுறி இது என்பது அவர்கள் கருத்து. ஆய்வில் பங்கேற்றவர்கள் சில பத்துப் பேரே. கீழ்ப்படியாமை முழுவதையும் இதைக் கொண்டு விளக்கிவிட முடியாது. எனினும் வளரும் பிள்ளை புதிய குரல்களை நாடுவதைப் பகையாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது தெரிகிறது.

செய்ய வேண்டியவை

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரு காதுகளையும் விரலால் நன்றாக அடைத்துக் கொண்டு, அறையின் மறுகோடியில் திரும்பி நிற்பவரைத் தாழ்ந்த குரலில் பத்துச் சொற்கள் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை சொற்களைச் சரியாக எழுதுகிறீர்கள்? நடுச்செவியில் நீர் தேங்கிய பிள்ளையின் நிலை ஏறத்தாழ இதுதான்.

உங்கள் பிள்ளை அடிக்கடி ‘என்ன?’ என்கிறானா? தொலைக்காட்சியை உரக்க வைக்கிறானா? பேசுபவர் வாயையே பார்க்கிறானா? சொல்வதெழுதுதலில் மட்டும் மிகவும் தவறுகிறானா? எனில் முதலில் காதைச் சோதியுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உள்ளது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறுவர் நலத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். சிறுவர் செவிக் குறைபாடுகளில் 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருபவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கல்லணையிலிருந்து வாய்க்கால்களில் தண்ணீர் வந்ததும் பிள்ளைகள் குதித்து நீந்துவது நம் பகுதி வழக்கம். காதில் சீழ் வடியும் பிள்ளையை அப்போது நீரில் இறங்க விடாதீர்கள். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், ஊக்கு, தீக்குச்சி விட்டுக் குடைவதும் வேண்டாம்.

காது நன்றாக உள்ள பிள்ளையிடமும் தொலைவிலிருந்து கத்துவதைவிட அருகில் சென்று, இரைச்சலை நிறுத்தி, முகம் பார்த்துச் சொல்லுங்கள். 8 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால், குரலை உயர்த்தாமலே திறந்த வெளியில் 18 டெசிபெல் கூடிவிடும்!