கட்டுத்துவக்கும் சட்டமும்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஒழுங்குபடுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமாகும். அனுமதிப்பத்திரம் இன்னார் பெயருக்கென்றே வழங்கப்படும். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படல் வேண்டும். சுட்டவர் யார் என்ற வினாவுக்கு விடை இருத்தல் வேண்டும் என்பதே இதன் உட்கிடை என நாம் கருதுகின்றோம். கட்டுத்துவக்கில் அவ்விடை இல்லை. பன்றித் தடத்திற்குக் குறுக்கே கட்டிய கம்பியைத் தட்டுவது யானையாயினும், விறகு பொறுக்கச் சென்றவராயினும், வெடி காலிலே பாயும். அது சட்டவிரோதம் என்பதை விவசாயி அறியாதவரல்லர். தண்டனையை மட்டுமே பேசுவோர் அவரது பொருளாதார நிலையை நோக்குவதில்லை. இரவெல்லாம் காவலிருக்கவோ, அனுமதி பெற்ற துவக்கு வாங்கவோ இயலாத சிறு பயிர்ச்செய்கையாளருக்கு ஓர் இரும்புக் குழாயும் கம்பியும் மலிவானவை. மின்வேலியோ அவரது வருவாய்க்கு எட்டாதது.