ஆயில் இல்லாத சில நிமிடங்கள்

2009-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெட்ரோலை அதிகம் குடிக்கும் பழைய காரைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமான புதிய கார் வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் சலுகை. முக்கிய நிபந்தனை ஒன்று: பழைய கார் மறுபடி சாலைக்கு வரவே கூடாது. அதனால் அதன் என்ஜினைச் செயலிழக்கச் செய்யும் பொறுப்பை டீலர்களிடம் ஒப்படைத்தார்கள்.

அதற்குச் சம்மட்டி தேவைப்படவில்லை. என்ஜின் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, அந்த இடத்தில் சுமார் இரண்டு லிட்டர் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் என்ஜினை ஓடவிட்டார்கள். சூட்டில் கரைசலின் நீர் ஆவியாகி, கண்ணாடி போன்ற படிவு பேரிங்குகளில் இறுகியது. பல என்ஜின்கள் சில நிமிடங்களிலேயே நின்றுபோயின. அந்தத் திட்டத்தில் 6.7 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் இப்படிக் கழிவுக்குப் போயின.

சிலிக்கேட் சேதத்தை விரைவுபடுத்தியது, அவ்வளவே. ஆயில் வற்றிய எந்தக் காரும் போய்ச் சேருமிடம் அதுதான்.

ஆயில் வழவழப்புக்காக மட்டும் ஊற்றப்படுவதில்லை. என்ஜினின் பாரத்தையே அது தாங்குகிறது. இதை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் பொறியாளர் பீச்சம் டவர். இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்துக்காக 1880-களின் தொடக்கத்தில் அவர் ரயில் அச்சுக்கான பேரிங்கைச் சோதித்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டிருந்தார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கியது. மர ஆப்பு வைத்து அடைத்தார். எண்ணெய் அதையும் வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். பேரிங் தாங்கிய சராசரிப் பாரத்தைவிட இரு மடங்குக்கும் மேலான அழுத்தம் எண்ணெய்க்குள் இருந்தது. இதற்கான கணிதத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வகுத்தார். சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே எழும் அழுத்தம் அச்சைத் தூக்கி நிறுத்துகிறது.

இன்றைய காரின் கிராங்க் ஷாஃப்டும் இப்படித்தான் பேரிங்கைத் தொடாமல் சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் தலைமுடியின் தடிமனில் சிறு பங்குதான். ஆயில் பம்ப் இடைவிடாமல் ஊட்டிக்கொண்டிருந்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் படலம் காவல் நிற்கும். ஊட்டம் நின்றால், ஒட்டியிருக்கும் மிச்ச எண்ணெய் சிறிது நேரம்தான் தாக்குப்பிடிக்கும். 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் என்ஜினில் கிராங்க் நொடிக்கு 50 முறை சுழல்கிறது என்பதை நினைத்தால், ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று புரியும்.

பெரும்பாலும் முதல் குரல் மேலே இருந்து வரும். ஆயில் எட்டாத வால்வுப் பகுதியில் ‘டிக் டிக்’ என்று தட்டும். டர்போ உள்ள கார் என்றால், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய அதன் தண்டு உடனே ஆபத்துக்குள்ளாகும். அடுத்துப் பேரிங். உலோகம் உலோகத்தை உரசிச் சூடேற, பேரிங்கின் மென்மையான மேற்பூச்சு வழிந்து தேய்கிறது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கான்ராட் ஆட்டம் கண்டு, அடியிலிருந்து ‘டங் டங்’ என்ற கனமான சத்தம் எழுகிறது. அலுமினிய பிஸ்டனும் சூட்டில் விரிகிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். சிலிண்டர் சுவரில் கோடு கோடாகக் கீறல் விழுகிறது. கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் ‘என்ஜின் சீஸ் ஆயிடுச்சு’ என்பார்கள். சில நேரம் கான்ராட் முறிந்து என்ஜின் பிளாக்கையே துளைத்து வெளியே வந்துவிடும்.

இந்த அழிவை டெம்பரேச்சர் முள் காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. அது அளப்பது கூலன்ட்டின் சூட்டை. பேரிங் எரிந்துகொண்டிருக்கும்போதும் அது நடுவில் நிற்கலாம்.

காட்டிக்கொடுப்பது டேஷ்போர்டில் சொட்டு விழும் எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு. அதையும் பெட்ரோல் ரிசர்வ் விளக்கைப் போல நினைத்து, ‘அடுத்த பங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பலரும் ஓட்டிவிடுகிறார்கள். இங்கேதான் என்ஜின் போகிறது. பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரிகிறது என்றால், பேரிங்குகளுக்கு ஆயில் போவது நின்றுவிட்டது அல்லது நிற்கப்போகிறது. சாலையோரம் ஒதுங்கி உடனே என்ஜினை அணைக்க வேண்டும். வீடு அரை கிலோமீட்டரில் இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஆயில் போவதற்கு வழிகள் பல. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் உயரமான வேகத்தடையோ கல்லோ இடிக்கலாம். சர்வீஸ் முடிந்து டிரெயின் போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக எரிந்தும் தீரலாம். சிறிய கார்களில் மொத்தமே மூன்று லிட்டர் அளவுதான் ஆயில். சர்வீஸுக்கு இடையிலோ பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குடிக்கும் பழைய என்ஜின் அதுவரை தாங்காது. சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பணக் கணக்கும் உண்டு. இந்தியாவில் வழக்கமான காப்பீட்டில் சம்ப் உடைந்ததற்கு இழப்பீடு கிடைக்கலாம். ஆனால், அதோடு ஓட்டிச் சென்றதால் என்ஜின் போனால், அது விபத்தின் தொடர்விளைவு என்று கோரிக்கை மறுக்கப்படுவது வழக்கம். என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இதற்காகவே தனியாக விற்கப்படுகிறது.

விளக்கு எரிந்த பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டவர்கள், ஆயிலை நிரப்பிவிட்டு அப்படியே கிளம்பக் கூடாது. வண்டியை டோ செய்து கொண்டுபோய், சம்ப்பைக் கழற்றி ஆயில் ஃபில்டரையும் அறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் பேரிங் தேயத் தொடங்கிவிட்டது. அந்தக் கட்டத்திலேயே பிரித்தால் புதிய பேரிங்குகளோடு வேலை முடிந்து, கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்றவும் வாய்ப்பு உண்டு.