உங்களுக்குத் தெரியுமா? ராத்திரியில் மட்டும் அணையும் கேமரா

சிசிடிவி கேமராவின் கோஆக்சியல் கேபிளை எலி கடித்துவிட்டால், சாதாரண ஒயரைப் போல முறுக்கி டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை இன்சுலேஷன், அதன் மேல் கம்பிவலை என்ற அமைப்புதான் கேபிளின் 75 ஓம் மின்மறுப்பைக் காக்கிறது. அது குலைந்த இடத்தில் சிக்னலில் ஒரு பகுதி திரும்பி ஓடும், படம் கெடும். வலையின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டாலே படம் அடியோடு போய்விடும். இரு முனையிலும் பிஎன்சி கனெக்டர் போட்டு, இடையில் ஜாயின்டர் வைத்து இணைப்பதே சரி.

பகலில் ஒழுங்காக ஓடி, ராத்திரியானால் அணைந்துபோகும் கேமராவைப் பலர் அவசரப்பட்டு மாற்றிவிடுகிறார்கள். பவர் ஒயரை முதலில் பாருங்கள். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் கேமரா கூடுதல் கரன்ட் இழுக்கும். ஜாயின்ட் லூசாக இருந்தால், அடாப்டர் கொடுக்கும் 12 வோல்ட் கேமரா வரை முழுசாகப் போய்ச் சேராது. டேப்பைப் பிரித்துப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. நல்ல கம்பி தெரியும்வரை வெட்டி, சால்டர் வைத்து, புது இணைப்பைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.